மாத்திரையே போடாதவளின் ரத்தம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் மேசைமேல் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கான துண்டுப் பிரசுரங்களை எழுதுவது என் வேலை. சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதத்தை எப்படிக் கழுவ வேண்டும், எக்ஸ்ரே எடுக்கும் முன் எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று எளிய தமிழில் எழுதிக் கொடுப்பேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, மடிப்புகளெல்லாம் கிழியும் நிலையில் இருந்த பழைய பிரசுரம் ஒன்றை என்முன் போட்டாள்.

“இத எழுதினது நீங்கதானே?”

எடுத்துப் பார்த்தேன். ஓரங்களில் பசை நாடாவின் மஞ்சள் தடம் இருந்தது. எழுதியது நான்தான்.

“எட்டு வருஷமா எங்க அண்ணன் வீட்டு பீரோ கதவுல ஒட்டியிருந்துச்சு. நேத்துதான் பிச்செடுத்தேன். உக்காரலாமா?”

உட்கார்ந்தவள் இரண்டு மணி நேரம் பேசினாள். அவள் பேசி முடித்தபோது என் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. இவ்வளவையும் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “எழுதணும்னுதானே வந்தேன்” என்றாள். ஏன் எழுத வேண்டும் என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

தொடக்கம் மட்டும் நான்கு முறை எழுதினேன்.

“அவள் ரத்தத்தில் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம் ஓடிக்கொண்டிருந்தது.” [அடித்துவிட்டேன். பேய்க்கதை வாடை அடிக்கிறது.]

“ஹெபடைட்டிஸ் பி என்பது ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ். இது தாயிடமிருந்து பிரசவத்தின்போது…” [இது கதையல்ல, என் பகல்நேர உத்தியோகம்.]

“குற்றவாளி யார் என்பதுதான் கேள்வி.” [இதை இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகுதான், எட்டு வருஷத்துக்கு முன் ஒரு குடும்பமும் இப்படித்தான் தொடங்கியது என்று உறைத்தது.]

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். இருவருக்கும் அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே அந்த வைரஸ் வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு மட்டும் மருந்து தேவைப்பட்டது. தங்கைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும் என்றார்கள். அண்ணனுக்கு அந்தக் காலத்து மாத்திரையைத் தினம் ஒன்று கொடுத்தார்கள். ஒன்பதே மாதத்தில் மாத்திரை தோற்றது. அடங்கியிருந்த வைரஸ் பழையபடி ஏறிவிட்டது.

அன்றைக்கு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர் இன்றுவரை வேறெதையும் தொடவில்லை. போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஈரல் கெட்டிப்பட ஆரம்பித்திருப்பது தெரிந்தது. இப்போது வேறு மாத்திரை இருக்கிறது, பழையதுக்கு மசியாத வைரஸையும் அது அடக்கும். இன்றைக்குத் தொடங்கினாலும் ஈரலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. அண்ணன் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் திறக்க மாட்டேன் என்கிறார்.

3

ஏன் மாட்டேன் என்கிறார்?

ஒரு மாத்திரையால். அண்ணி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். தினமும் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அண்ணன் “போட்டாச்சு” என்று சொல்ல, அண்ணி காலண்டரில் ஒரு கோடு கிழிப்பாள். ஏழாவது மாதம் ஒரு வாரம் வெளியூரில் பெரிய கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலை வந்தது. அண்ணன் போய்த் திரும்பினார். அழுக்குச் சட்டையை ஊறவைத்துக் கசக்கும்போது அண்ணியின் விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. பையில் ஒரு மாத்திரை, பாதி கரைந்த நிலையில்.

“அட்டையிலேர்ந்து பிதுக்கும்போது கீழ விழுந்துச்சு. ஒரே கிரீஸ். குப்பைல போட மனசு வரல, பையில போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்து முழுங்கிட்டேன்” என்றார் அண்ணன்.

அண்ணி நம்பினாளா என்பது அப்போது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. இரண்டு மாதம் கழித்து வைரஸ் ஏறியபோது, அந்த நாளைய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நடுவுல விட்டுட்டீங்களா?” என்று கேட்டார். அண்ணன் “ஒருநாள்கூட விடல சார்” என்றார். அதே நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணி, “சட்டப் பையில ஒண்ணு கெடந்துச்சு டாக்டர்” என்றாள்.

அவள் காட்டிக்கொடுக்க நினைத்துச் சொல்லவில்லை. டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைக்கிற ரகம் அவள். ஆனால் அறையிலிருந்த எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். உறவுக்காரர்கள் வந்து வந்து புத்தி சொன்னார்கள். தங்கையும் தன் பங்குக்கு, “ஏண்ணா, ஒரு மாத்திரையக்கூட ஒழுங்காப் போட முடியாதா?” என்று கேட்டாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணன் சண்டை போடவில்லை. “மாத்திரை போட்டா, போட்டேங்கறதுக்குச் சாட்சியும் வேணும். நமக்கு ஒத்துவராது” என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

(ஒரு சந்தேகம் எனக்கு. இவ்வளவு வீம்பு பிடித்த ஆளை வாசகர் ஏற்றுக்கொள்வாரா? உயிர் போகிற விஷயத்தில் ரோஷம் பார்ப்பார்களா என்று கேட்பீர்கள். தங்கையிடம் நானும் கேட்டேன். “நூறு பேரு ஏறுற லிஃப்டுக்கு அவர் கையெழுத்துதான் சாட்சி. வீட்டுல மட்டும் அவர் வார்த்தைக்கு மதிப்பில்லன்னா?” என்றாள்.)

4

இனி இந்த வருஷம்.

மருந்தே எடுக்காத நோயாளிகளிடம் வைரஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. தங்கையும் இரண்டு குப்பி ரத்தம் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

“ஒண்ணும் பயப்படாதே. ஆனா உண்மையச் சொல்லணும். அண்ணனோட மாத்திரைல ரெண்டு மூணு போட்டுப் பாத்தியா? திட்டமாட்டேன்.”

“தலைவலி மாத்திரைகூட நான் போடறதில்ல டாக்டர்.”

“அப்ப வேற யாராவது, நாட்டு மருந்துன்னு சொல்லி ஏதாவது பொடி குடுத்தாங்களா?”

“எதுவும் இல்ல. ஏன் கேக்கறீங்க?”

ஏனென்றால் அண்ணனைத் தோற்கடித்த அதே மாற்றம் தங்கையின் வைரஸிலும் இருந்தது. பழைய மாத்திரை போய்ப் பிடிக்க வேண்டிய இடம் மாறிக் கிடந்தது. மருந்தை ஒருமுறைகூடச் சந்திக்காத வைரஸ், அந்த மருந்துக்கு மசியாததாக நின்றது.

இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் எழுதினேன். எட்டு வருஷத்துக்கு முன், தனக்கும் முற்றிவிடுமோ என்று பயந்த தங்கை, அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி… [அருமையான பக்கம் அது. ஆள் இருந்தாள், பயம் இருந்தது, அண்ணனின் மாத்திரை ஏன் தோற்றது என்பதற்கும் விடை இருந்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் முழுப் பொய். கிழித்துப் போட்டேன். கதை எழுதுகிற கைக்கு யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் நிம்மதி போலிருக்கிறது.]

நான் செய்யத் தவறியதைப் பரிசோதனைக்கூடத்தில் ஒருத்தி செய்தாள். தங்கை அவளை லேப் அக்கா என்கிறாள், நானும் அப்படியே சொல்கிறேன். முடிவைப் பார்த்ததும் லேப் அக்கா நோயாளியைச் சந்தேகிக்கவில்லை, தன்னைச் சந்தேகித்தாள். தட்டில் தங்கையின் டியூபுக்கு அடுத்த டியூப், மருந்து தோற்றுப்போன வேறொரு நோயாளியுடையது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி தெறித்திருந்தாலும் போச்சு. அதனால் புதிதாக ரத்தம் எடுத்தாள். வேறு யாருடைய டியூபும் மேசையில் இல்லாத ஒரு காலைப் பொழுதில் தனியாகப் பரிசோதித்தாள். கூடவே வெறும் சுத்தத் தண்ணீர் நிரப்பிய மூன்று டியூப். ரத்தத்துக்கு என்னென்ன செய்வாளோ அத்தனையையும் அந்தத் தண்ணீருக்கும் செய்தாள். தண்ணீரில் ஏதாவது தென்பட்டால் அது அவள் கையிலிருந்து போனது என்று அர்த்தம்.

“நோயாளி பொய் சொல்றாங்களான்னு பாக்கறதுக்கு முன்னாடி, நான் பொய் சொல்றேனான்னு பாக்கணும்ல?” என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள். இருபது வருஷமாக எழுதுகிற எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று தண்ணீரிலும் ஒன்றுமில்லை. தங்கையின் ரத்தத்தில் அதே மாற்றம் திரும்பவும் வந்தது.

5

எப்படி வரும்?

லேப் அக்கா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அந்த வைரஸின் மொத்தச் சரக்கும் ஏறக்குறைய மூவாயிரத்து இருநூறு எழுத்து. இந்தக் கதையின் முதல் சில பக்கம்கூடத் தேறாது. அதைப் பார்த்துப் பார்த்து அது தன்னை நகலெடுக்கிறது. எடுத்ததைத் திரும்பிச் சரிபார்க்கும் வழக்கம் கிடையாது. நோய் மும்முரமாக இருக்கும் ஒரே ஓர் உடம்பில், ஒரே நாளில், பத்தாயிரம் கோடி நகலுக்குக் குறையாது.

நான் அந்தப் பூஜ்யங்களை விரல்விட்டு எண்ணினேன். இரண்டாம் முறையும் எண்ணினேன். ஒருவர் பல் துலக்கி, வேலைக்குப் போய், குழந்தையை அதட்டிவிட்டுத் தூங்குவதற்குள் பத்தாயிரம் கோடி. அத்தனை நகலில் வரக்கூடிய ஒவ்வொரு பிழையும் தினமும் எங்காவது வந்துவிட்டுப் போகிறது. அதில் ஒரு பிழை மருந்து பிடிக்கும் இடத்தில் விழுகிறது. வைரஸுக்கு மருந்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்த மருந்தை யாரும் கனவிலும் நினைக்காத காலத்திலும் அந்தப் பிழை வந்துபோயிருக்கும். பெரும்பாலும் அப்படிப் பிறந்தவை நோஞ்சான்கள், கூட்டத்தில் அடிபட்டுப் போகும். மருந்து வந்து மற்றதையெல்லாம் ஒடுக்கினால்தான் தலைதூக்கும். ஆனால் எப்போதாவது, சிலரிடம், மருந்தே படாத உடம்பிலும் அவை பெருகி நிமிர்ந்து நிற்கும்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. இத்தனை பெரிய காரியம் இத்தனை சத்தமில்லாமல் நடக்கிறதே என்ற பிரமிப்புதான். இதில் யாரும் எதையும் திருடவில்லை, யாரும் மறக்கவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை.

[வைரஸும் ஓர் எழுத்தாளர்தான் என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அதற்கு அந்தப் பெருமையும் வேண்டாம், எனக்கு இந்தச் சிறுமையும் வேண்டாம்.]

சரி. இனியும் தள்ளிப்போட முடியாது, என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் அந்தப் பிரசுரம் எழுதுவதற்காக டாக்டர்கள் எனக்குக் கொடுத்த தாளில் ஆறு குறிப்புகள் இருந்தன. ஐந்தாவது குறிப்பு இது: “ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் சில சமயம் மருந்து பலனளிக்காமல் போகலாம். சிலரிடம் மருந்து தொடங்கும் முன்பே அதற்கு மசியாத வைரஸ் இருக்கக்கூடும். இது நோயாளியின் தவறு அல்ல.”

அதை எடுத்துவிட்டேன். நோயாளிகள் குழம்புவார்கள், எப்படியும் தோற்கும் என்று மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்று காரணம் சொன்னேன். டாக்டர்களும் சரி என்றார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என்னவென்றால், பக்கத்தில் இடமில்லை. சிரிக்கும் ஈரல் ஒன்றின் படம், இரண்டு கையும் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தது. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில் நானே ஒரு வரி சேர்த்தேன்: “மருந்து தோற்றால் தவறு மருந்தில் இல்லை. தினமும் போடுங்கள்!”

அந்த வரிக்கு மேலதிகாரி கைகொடுத்துப் பாராட்டினார்.*

* பிரசுரம் இதுவரை ஆறு முறை மறுபதிப்பு கண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்தான் மெய்ப்புப் பார்த்தேன். பிழை ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

6

இனி தங்கை பார்த்ததை, அவள் பக்கத்திலேயே நின்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் வீட்டு முன்னறையில் நீலத் துணி மலைபோலக் குவிந்திருந்தது. அண்ணி தையல் மிஷினில் இருந்தாள். தங்கை உள்ளே வரும்போதே கையிலிருந்த தாள் வேர்வையில் நனைந்துவிட்டது. தாளை அப்படியே அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லிஃப்ட் மோட்டாரின் வரைபடத்தைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாக வரிவரியாகப் பார்த்தார்.

“இது அதேதானே? எனக்கு வந்தது?”

“அதேதாண்ணா.”

“நீ எத்தன மாத்திரை போட்டே?”

“ஒண்ணுகூட இல்ல.”

“ஒண்ணுகூடப் போடாமலேவா?”

“போடாமலே வந்திருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் அம்மாகிட்டேர்ந்து வந்ததுதானே. உங்களுக்கும் முன்னாடியே இருந்திருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க.” தங்கைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசை. ஆனால் டாக்டரம்மா மீதியையும் சொல்லச் சொல்லியிருந்தார். “இருந்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும். மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த உங்க ரத்தம் இப்ப யாருகிட்டயும் இல்ல. நிரூபிக்க முடியாது.”

மிஷின் நின்றது. அண்ணி திரும்பாமலே கேட்டாள்.

“அந்த மாத்திரை. கீழ விழுந்துச்சுன்னு சொன்னீங்களே. விழுந்ததுதானா?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ என்ன நெனைக்கறே?”

“கேட்டதுக்கு பதில் சொல்லுங்க.”

“நான் அன்னைக்கே சொல்லிட்டேன். இப்ப நீதான் சொல்லணும்.”

தங்கை அண்ணியின் முதுகைப் பார்த்தாள், அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருஷமாக இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தூங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சேர்ந்து ஓடி, இந்த ஒன்றை மட்டும் தொடாமல் வாழ்ந்திருக்கிறார்கள். இப்படியும் வாழ முடியுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. அண்ணி காலால் மிதித்து மிஷினை ஓட்டத் தொடங்கினாள். தங்கை பீரோவிடம் போய் என் பிரசுரத்தை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தாள்.

7

முடிவுகள்.

ஒன்று: அண்ணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், மறுநாளே புது மாத்திரை. [எழுதியபோது நானும் அழுதேன். அப்புறம்தான் தெரிந்தது, நடக்காத ஒன்றுக்காக அழுது என் கணக்கை நானே நேர்செய்துகொள்ளப் பார்க்கிறேன் என்று.]

இரண்டு: அண்ணி கடைசிவரை சொல்லவில்லை. ஈரல் கெட்டிப்பட்டுக்கொண்டே போய், ஒரு நாள் லிஃப்டின் மோட்டார் அறையில் அண்ணன்… [முடியவில்லை. முகம் தெரியாவிட்டாலும் அவர் எங்கோ உயிரோடு இருக்கிற மனுஷன்.]

மூன்று: நான் எழுதுகிறவர் என்ற உரிமையில், அந்த வெளியூர்க் கட்டடத்துக்குள் எட்டு வருஷம் பின்னால் போய், மாத்திரை விழுந்ததா இல்லையா என்று என் கண்ணாலேயே பார்த்துவிடுவது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஒரு வரி போதும். “மாத்திரை அவர் விரலிலிருந்து நழுவி” என்று எழுதினால் அவர் சுத்தம். “சட்டைப் பையில் போட்டு மறந்துபோனார்” என்று எழுதினால் போச்சு. ஆனால் நான் எதை எழுதினாலும் அது நான் எழுதியதாகத்தான் இருக்கும். நடந்ததாக ஆகாது. உள்ளே போகவில்லை. அண்ணி எந்த இடத்தில் நின்றாளோ அந்த இடத்திலேயே நானும் நிற்கிறேன்.

8

பிரசுரத்தைத் திருத்திவிட்டேன். ஐந்தாவது குறிப்பு ஏறிவிட்டது. ஈரல் இப்போது பொட்டு அளவுக்குச் சுருங்கி ஓரமாக நிற்கிறது. அதைத் தங்கையிடம் காட்டியபோது வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“நல்லா இருக்கு. ஆனா இத எங்க வீட்டுல யாரும் இனி தொடமாட்டாங்க. கதைதான் படிப்பாங்க.”

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை சாயந்திரம் வாரப் பத்திரிகை வரும். அண்ணி தைத்து முடித்த சீருடைகளிலிருந்து அண்ணன் நூல் பிசிறைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணி பத்திரிகையில் வரும் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுவாள். பேச்சு நின்றுபோன நாள்களில்கூட அது நிற்கவில்லை. “அவங்க ரெண்டு பேரும் இப்ப நேரா பேசிக்கறது அந்தக் கதை வழியாத்தான்” என்றாள் தங்கை. டாக்டரம்மாவிடம் அண்ணன் பெயருக்குச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறாள். இந்தக் கதை வெளிவரும் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்.

ஆக, அண்ணி, இவ்வளவு நேரமும் இதை வாசித்துக்கொண்டிருந்தது உங்கள் குரல். எனக்கு நீங்கள் உறவில்லை, இருந்தாலும் அப்படியே கூப்பிடுகிறேன். மூன்றாம் பகுதியில் உங்கள் குரல் எங்கே தடுமாறியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நிறுத்தாமல் இதுவரை வந்ததற்கு நன்றி. பீரோவில் ஒட்டிய அந்தத் தாள் உங்களிடம் பாதி உண்மையைத்தான் சொன்னது. மீதியைப் பிடித்து வைத்துக்கொண்டது நான். உங்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆதாரம் ஏதும் உங்களுக்கு வரப்போவதில்லை. தங்கையின் ரத்தம் ‘இருந்திருக்கலாம்’ என்பதோடு நின்றுவிட்டது. லேப் அக்காவாலும் அதற்குமேல் போக முடியாது. ‘நீ என்ன நெனைக்கறே?’ என்று உங்கள் கணவர் கேட்ட கேள்வி மட்டும் அந்த அறையில் அப்படியே நிற்கிறது. அடுத்த வரி உங்களுடையது. அதை நான் எழுதவில்லை. வாசிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை, பத்திரிகையைக் கீழே வைத்துவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அங்கே ஒருவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்.